வெளிப்புற ஜோடிப் படம்: இரண்டு முகத்துக்கும் ஒரே வெளிச்சம்

தனி ஆளை ஓரளவு நன்றாகப் படம் எடுக்கப் பழகியவர்கள்கூட ஜோடியை எடுக்கும்போது தடுமாறுவார்கள். முகம் இரண்டாகிவிடுவதுதான் காரணம். உயரம் இரண்டு, தோல் நிறம் இரண்டு, உடை இரண்டு, கூச்சமும் இரண்டு. மாப்பிள்ளை முகத்தில் வெயில் அடிக்கும், பெண் முகம் அவர் நிழலில் இருக்கும். பெண்ணின் கண் கூர்மையாக இருக்கும், அரையடி பின்னால் நிற்பவர் முகம் மங்கியிருக்கும். ஷட்டரை அழுத்தும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு முகத்திலும் விழும் வெளிச்சம் ஒன்றா, இருவர் கண்களும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா? கீழே உள்ள எல்லாம் இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்ற பதிலை வரவழைக்கும் வழிகள்தான். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையையும் கிழக்குக் கடற்கரையையும் ஒட்டியவை.

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

இணையத்தில் 'கோல்டன் ஹவர்' என்று படித்துவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் முழுக்கப் பொன்னொளி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வடக்கே உள்ள நாடுகளில் சூரியன் சாய்வாக, மெதுவாக இறங்கும். நம் ஊரில் ஏறக்குறைய நேர்க்குத்தாக விழும். அடிவானத்துக்கு மேல் 10 டிகிரியில் இருக்கும் சூரியன் மறைய இங்கே சுமார் 40 நிமிடம்தான் ஆகும். அதிலும் கடைசி 20, 25 நிமிடம்தான் முகத்துக்கு இதமான வெளிச்சம். சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் மறைவது 5.40 மணி வாக்கில், ஜூன் கடைசியில் 6.40 வாக்கில். மறையும் நேரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பாகவே ஜோடி உடை மாற்றி, தலைவாரித் தயாராக இருக்க வேண்டும். முதல் அரைமணி நிழலில் எடுங்கள், கூச்சம் போகட்டும். நல்ல வெளிச்சம் வரும்போது அவர்கள் பழகியிருப்பார்கள்.

காலை 10 முதல் மதியம் 3.30 வரை திறந்த வெளியைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலேயே வந்துவிடும். கண்குழியில் கருநிழல், மூக்குக்குக் கீழே மீசைபோல் ஒரு நிழல், நெற்றியில் வெள்ளைத் திட்டு. எந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. அந்த நேரத்தில்தான் முடியும் என்று வீட்டார் சொன்னால் கூரையுள்ள இடத்தைத் தேடுங்கள்.

கிழக்குக் கடற்கரைக்குத் தனிக் கணக்கு. மெரினா, பெசன்ட் நகர், மாமல்லபுரம் எங்கும் சூரியன் கடலில் உதிக்கும், நிலத்துப் பக்கம் மறையும். கடல் பின்னணியில் பொன்னொளி விளிம்பு கட்டிய படம் வேண்டுமென்றால் விடிகாலை போக வேண்டும். மாலையில் போனால் ஜோடி கடலுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து நிற்கட்டும். வெளிச்சம் நேராக முகத்தில் விழும், கடல் நீலமாகவே இருக்கும். சூரியன் மறைந்தபின் ஒரு 15 நிமிடம் கடலுக்கு மேலே கிழக்கு வானம் வெளிர் ரோஜாவும் சாம்பல் நீலமுமாக மாறும். முகத்தில் நிழலே விழாத மென்மையான வெளிச்சம் அது. புதியவர்கள் பெரும்பாலும் சூரியன் போனதும் பையைக் கட்டிவிடுகிறார்கள். கட்டாதீர்கள்.

இடம் தேடும்போது முகத்துக்கு எதிரே பாருங்கள்

பின்னணி அழகாக இருக்கிறது என்று ஜோடியை நிறுத்துவதுதான் வழக்கம். முகத்தில் வெளிச்சம் எங்கிருந்து வரப்போகிறது என்பதை முதலில் பாருங்கள். எளிய சோதனை ஒன்று: உங்கள் உள்ளங்கையை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்று சுற்றுங்கள். கைரேகைகள் மென்மையாக, சீராகத் தெரியும் திசை எதுவோ, அந்தத் திசையைப் பார்த்து ஜோடி நிற்க வேண்டும்.

தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத் திறந்த நிழலைவிடச் சிறந்த இடம் இல்லை. மேலே கூரை அல்லது அடர்ந்த மரம், முன்னால் திறந்த வானம். பழைய வீட்டுத் திண்ணை இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். ஓடு மேலிருந்து விழும் வெயிலைத் தடுக்கிறது, தெருப் பக்கமிருந்து பரந்த வெளிச்சம் முகத்துக்கு வருகிறது. கோயில் மண்டபத்தின் விளிம்பு, பெரிய வாசற்படி, மேம்பாலத்தின் அடி ஆகியவற்றிலும் இதே கணக்குதான். நிழலின் கோட்டிலிருந்து ஓரடி, இரண்டடி மட்டும் உள்ளே நிறுத்துங்கள். ஆறேழு அடி உள்ளே போய்விட்டால் கண்ணில் ஒளிப்புள்ளி செத்துவிடும். அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி இரண்டு பேர் கண்ணிலும் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

தென்னந்தோப்பு ஏமாற்றும். கண்ணுக்கு நிழலாகத் தோன்றும், படத்தில் ஓலை இடுக்கு வழியாக விழும் வெயில் ஒருவர் கன்னத்தில் கோடுகோடாக விழுந்திருக்கும். மாந்தோப்பு, புளியமரம், ஆலமரம் எவ்வளவோ மேல். புல்தரையில் நிறுத்தினால் தாடைக்கடியில் பச்சை ஏறும். மணல், சிமெண்ட் தரை, வெள்ளைச் சுவர் ஆகியவை சுத்தமான வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில்போல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடு, தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன்அனுமதி வேண்டும். ஜோடியை அழைத்துக்கொண்டு போய் வாசலில் நின்று கெஞ்சுகிற நிலைமை வரக்கூடாது. உடை மாற்ற இடம் எங்கே என்பதையும் அதேபோல் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காருக்குள் பட்டுப்புடவை கட்டச் சொல்வது அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யும் கொடுமை, அந்தச் சலிப்பு முகத்திலும் தெரியும்.

கேமரா அமைப்பு

லென்ஸ்: 50 மி.மீ. எஃப்/1.8 போதும் (எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும், எண் சிறிதானால் திறப்பு பெரிது). சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமராவில் அது 75 முதல் 80 மி.மீ. பார்வைக் கோணத்தைத் தரும். கேமராவோடு வந்த 18-55 மட்டும்தான் கையில் இருக்கிறதா? 55-இல் வைத்துக்கொள்ளுங்கள், ஜோடிக்கும் பின்னணிக்கும் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி விடுங்கள். எஃப்/5.6-இலும் பின்னணி கரையும். 18-இல் கிட்டப் போய் எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் தோளும் இடுப்பும் இழுபட்டு அகலமாகிவிடும்.

அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு): எஃப்/1.8 இருக்கிறது என்பதற்காக அதிலேயே எடுக்காதீர்கள். சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸோடு 2 மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 11, 12 செ.மீ.தான். ஒருவர் தோளுக்குப் பின்னால் மற்றவர் எட்டிப் பார்த்தாலே தாண்டிவிடும். எஃப்/4 வைத்தால் அதே தூரத்தில் 25 செ.மீ. கிடைக்கும். 3 மீட்டர் தள்ளி நின்றால் எஃப்/2.8-இலேயே 40 செ.மீ. வரை வரும். அதனால் ஒருவர் முன்னே ஒருவர் பின்னே நிற்கும் படங்களுக்கு எஃப்/4, தலையோடு தலை சேர்ந்து ஒரே வரிசையில் இருந்தால் எஃப்/2.8 என்று தொடங்குங்கள். பின்னணியை மங்கவைக்கப் பின்னணியைத் தூரமாக்குவதுதான் பாதுகாப்பான வழி.

ஷட்டர்: அசையாமல் நின்றால் 1/250 நொடி, நடந்தால் 1/500, சுற்றினாலோ ஓடினாலோ 1/1000. கேமராவில் அப்பர்ச்சர் மோடு போட்டு, ஆட்டோ ஐஎஸ்ஓவில் (ஐஎஸ்ஓ என்பது சென்சாரின் ஒளியுணர்வு அளவு) குறைந்தபட்ச ஷட்டரை 1/250 என்று அமைத்துவிட்டால் பாதி கவலை தீரும். திறந்த நிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/4, 1/250 என்ற அளவில் கணக்கு வரும். சூரியன் மறைந்தபின் எஃப்/2.8 வைத்தாலும் ஐஎஸ்ஓ 800, 1600 என்று ஏறும், பயப்படாதீர்கள். புள்ளிபுள்ளியாக நாய்ஸ் வந்த படத்தைச் சரிசெய்யலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஃபோகஸ்: கண் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால், இரண்டு முகங்களுக்கிடையே அது தாவிக்கொண்டே இருக்கும். கேமராவுக்கு அருகில் இருப்பவரின் கண்ணைத் தேர்ந்து பூட்டுங்கள். பழைய கேமராவில் ஒற்றைப் புள்ளியை நகர்த்தி அந்தக் கண்மேல் வையுங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பும் பழக்கம் அகன்ற அப்பர்ச்சரில் ஃபோகஸை இரண்டு மூன்று செ.மீ. நகர்த்திவிடும். இருவர் படத்தில் அதுவே அதிகம்.

அளவீடு: வெள்ளை வேட்டி சட்டையும் கறுத்த முகமும் ஒரே படத்தில் வருவது நம் ஊரில் அன்றாடம். வேட்டி படத்தை நிறைத்தால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 ஸ்டாப் வரை ஏற்றி (ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்), வேட்டியில் மடிப்புகள் தெரிகின்றனவா என்று ஹைலைட் எச்சரிக்கையை, அதாவது வெளுத்துப்போன இடத்தை மின்னிக் காட்டும் வசதியை, பாருங்கள். அரக்குச் சிவப்பு, மெரூன் பட்டு வந்தால் இன்னொரு சிக்கல். வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் வெள்ளைக் கோடு சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் தனியாக வலது ஓரத்தில் முட்டி நின்றிருக்கும். புடவையின் நெசவும் புட்டாவும் அழிந்து சிவப்புப் பூச்சாகிவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமை வைத்துச் சிவப்பைக் கவனியுங்கள், முட்டினால் 0.3 முதல் 0.7 ஸ்டாப் இறக்குங்கள். 'ரா'வில் (கேமரா சுருக்காமல் தரும் மூலக் கோப்பில்) எடுத்தால் முகத்தைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

வைட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஆட்டோவில் இருந்தால் மாலைப் பொன்னிறத்தைத் தவறென்று நினைத்துக் கழுவிவிடும். வெயிலுக்கு 5500 கெல்வின், நிழலுக்கு 6500 வாக்கில் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசைப் படங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படரும். கடற்கரையில் இது நிச்சயம். துடைத்தாலும் மறுபடி படரும். 20 நிமிடம் முன்பே ஏசியை நிறுத்துங்கள், அல்லது பையை டிக்கியில் வையுங்கள். கடல்காற்றின் உப்புப்படலத்துக்கு ஒரு சுத்தமான துணி எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

நிற்க வைப்பது, பழக வைப்பது

பெரியவர்கள் பார்த்து முடிவு செய்த திருமணத்தில் ஜோடி அதற்கு முன் தனியாக ஒரு மணி நேரம் பேசியிருக்கக்கூட மாட்டார்கள். வந்தவுடன் 'கட்டிப்பிடிங்க' என்றால் உடம்பு விறைத்துவிடும். அந்த விறைப்பு அன்று முழுக்கப் போகாது. எது சம்மதம், எது வேண்டாம் என்று இருவரிடமும் தனித்தனியாக முன்பே கேளுங்கள். 'படத்தில் நல்லா இருக்கும்' என்று யாரையும் கட்டாயப்படுத்த ஒளிப்படக்காரருக்கு உரிமை இல்லை. முந்தானையையோ கூந்தலையோ சரிசெய்ய வேண்டுமென்றால் கூட வந்த அக்காவிடமோ தோழியிடமோ சொல்லுங்கள். நீங்கள் கை வைக்காதீர்கள்.

இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் இளகிவிடுவார்கள்:

1. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து உங்களை நோக்கி வரட்டும். கேமராவைப் பார்க்க வேண்டாம். 10 மீட்டர் நடை, தொடர் ஷாட். இடது வலது கால் ஒன்றாக எடுத்து வைத்தால் நடை அழகாக விழும்.

2. அதே நடை, கை கோத்துக்கொண்டு. பாதியில் ஒருவர் மட்டும் மற்றவரைத் திரும்பிப் பார்க்கட்டும்.

3. நிறுத்தி, ஒருவருக்கொருவர் 45 டிகிரி திரும்பி நிற்கச் சொல்லுங்கள், ஆங்கில 'வி' எழுத்துபோல். தோள்கள் தொட்டும் தொடாமலும் இருக்கலாம், தலைகள் மட்டும் ஒன்றையொன்று நோக்கிச் சாயட்டும். தலைகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டாலே படத்தில் சண்டை போட்டவர்கள்போல் தெரியும்.

4. ஏதாவது கேளுங்கள். முதலில் யார் போன் செய்தது, யாருக்குக் காப்பி போடத் தெரியும். பதில் சொல்லும்போது வரும் சிரிப்பை எடுங்கள். பதில் முடிந்த அடுத்த நொடிதான் நல்ல நொடி. அப்போது கேமராவை இறக்கிவிடாதீர்கள்.

5. நெற்றியோடு நெற்றி, பின்னாலிருந்து அணைப்பு போன்றவை கடைசியில், அவர்களுக்குச் சரியென்றால் மட்டும். நெற்றி தொடும்போது மூக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒரு கீற்று வெளிச்சம் நடுவே தெரிய வேண்டும்.

உடல் எடை கேமராவுக்குத் தூரமான காலில் இருக்கட்டும். முன்கால் முட்டி லேசாக மடங்கியிருந்தால் விறைப்புப் போகும். உயர வித்தியாசம் அதிகமென்றால் உயரமானவர் கால்களைச் சற்று அகட்டி நிற்கலாம், படியில் ஒருவர் மேலே ஒருவர் கீழே நிற்கலாம், அல்லது இருவரும் உட்காரலாம். கைகளைச் சும்மா தொங்கவிடச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலை கொடுங்கள்: வேட்டி நுனி, முந்தானை, மற்றவர் முழங்கை. புறங்கை முழுதாகக் கேமராவைப் பார்த்தால் முகத்தளவு பெரிதாகத் தெரியும். சுண்டுவிரல் பக்கம் தெரியும்படி திருப்பச் சொல்லுங்கள். பெண்ணின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கட்டும்.

முந்தானை இடது தோளில் விழுவதால் பெண் மாப்பிள்ளையின் இடப்பக்கம் நின்றால்தான் அது முழுதாகத் தெரியும். வலப்பக்கம் நின்றால் அவர் தோளுக்குப் பின்னால் மறைந்துவிடும். நெய்ததே முந்தானைக்காக என்று சொல்லக்கூடிய காஞ்சிப் பட்டை அப்படி மறைப்பது பெரிய இழப்பு. காற்று அடிக்கும் திசையையும் பாருங்கள். முகத்துக்கு எதிரே அடித்தால் கூந்தல் பின்னே பறக்கும், முதுகுப் பக்கமிருந்து அடித்தால் முகத்தை மூடும். ஊக்கு ஒரு டஜன், சீப்பு, டிஷ்யூ, தண்ணீர் பாட்டில் பையில் இருக்கட்டும். டிஷ்யூவால் நெற்றியை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது.

முழு உருவத்துக்குக் கேமரா இடுப்பு உயரத்தில், அரை உருவத்துக்கு மார்பு உயரத்தில். நின்ற உயரத்திலிருந்து முழு உருவம் எடுத்தால் இருவரும் குள்ளமாகத் தெரிவார்கள். முட்டி, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூட்டுகளில் படத்தை வெட்டாதீர்கள். கடல் அடிவானக் கோடு கழுத்தில் ஓடினால் ஓரடி குனிந்தோ எழுந்தோ மாற்றுங்கள். தலைக்குப் பின்னால் விளக்குக் கம்பம் முளைத்திருந்தால் பக்கவாட்டில் ஓரடி நகர்வதே போதும்.

சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது

இருவரையும் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்துவதில் ஒரு பெரிய வசதி: இரண்டு முகமும் ஒரே நிழலில் இருக்கும், யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். எக்ஸ்போஷரை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். வானம் வெளுக்கும், வெளுக்கட்டும். படம் மொத்தமும் சாம்பல் பூத்தாலோ, ஃபோகஸ் பிடிக்காமல் அலைந்தாலோ சூரிய ஒளி நேராக லென்ஸில் விழுகிறது என்று பொருள். லென்ஸ் முனையில் ஹுட் (வெயில் மறைப்பு) போடுங்கள், கையால் மறையுங்கள், அல்லது சூரியன் ஒருவர் தலைக்குப் பின்னால் ஒளியும்படி நகருங்கள்.

முகம் போதாமல் இருந்தால் 42 அங்குல ரிஃப்ளெக்டரின் (ஒளியைத் திருப்பி அனுப்பும் தட்டின்) வெள்ளைப் பக்கத்தை ஒன்றரை, இரண்டு மீட்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு மீட்டர் நீளத் தெர்மோகோல் பலகை இரண்டு அதே வேலையைச் செய்யும். உடைந்த துண்டுகளைக் கடற்கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். மார்பு உயரத்துக்குக் கீழே பிடித்தால் பேய்ப்பட வெளிச்சம் வரும். ஒரு பக்கமாகப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவருக்கு மட்டும் கிடைக்கும். இருவருக்கும் நடுக்கோட்டில், உங்களுக்கு ஒட்டியே பிடிக்க வேண்டும். இருவரில் நிறம் குறைந்தவர் பக்கம் பலகையைச் சற்று நகர்த்துவது நல்ல தந்திரம். தங்க நிறப் பக்கம் வேண்டாம், மஞ்சள் காமாலைபோல் ஆகிவிடும்.

திருத்தும்போது

முதலில் கழிப்பது. 100 சதவீதம் பெரிதாக்கி இருவர் கண்ணையும் பாருங்கள். ஒருவர் கண் மூடியிருந்தாலோ மங்கியிருந்தாலோ, மற்றவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படம் வேண்டாம்.

தோல் நிறத்தில் கை வைக்காதீர்கள். லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை (பிரகாசத்தை) ஏற்றினால் எல்லோரும் வெளுத்துவிடுவார்கள். நம் ஊர் ஆல்பங்களில் பாதி முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் மாநிறம், ஒருவர் கறுப்பு என்றால் அந்த வித்தியாசம் படத்தில் இருக்கத்தான் வேண்டும். கறுத்த முகம் அழகாகத் தெரியத் தேவைப்படுவது போதுமான எக்ஸ்போஷரும் கன்னத்தில் ஒரு மென்மையான ஒளிர்வும். இரண்டையும் எடுக்கும்போதே கொடுத்துவிட்டால் பின்னால் மாற்ற எதுவும் இருக்காது. வீட்டார் 'கொஞ்சம் கலர் ஏத்துங்க' என்று கேட்டால், இயல்பான படத்தையும் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

கடைசியாக ஆல்பக் கணக்கு. இங்கே பரவலாக உள்ள 12×36 அங்குலத் தாளின் விகிதம் 1:3. உங்கள் கேமரா எடுப்பது 2:3. ஒரே படத்தை இரண்டு பக்கமும் விரித்தால் உயரத்தில் பாதி வெட்டுப்படும். 6000×4000 படத்தில் மிஞ்சுவது 6000×2000. அதற்கென எடுக்கும் படத்தில் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் தாராளமாக இடம் விடுங்கள். ஜோடியை நட்டநடுவில் வைத்தால் தாளின் மடிப்பு இருவருக்கும் நடுவே ஓடும், சில சமயம் ஒருவர் முகத்தின் மேலேயே ஓடும். வலப்பக்கமோ இடப்பக்கமோ மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி, மற்ற பகுதியைக் கடலுக்கும் வானத்துக்கும் விட்டு, ஒவ்வோர் இடத்திலும் இப்படி இரண்டு படமாவது எடுத்து வையுங்கள். ஆல்பம் அச்சிடும் லேப் வேறு விதமாகக் கேட்காவிட்டால் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக் கோப்பாகக் கொடுங்கள். ஆல்பம் கைக்கு வரும்வரை 'ரா' கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள், கார்டை அழிக்காதீர்கள்.